யாருடைய சீக்கு?

நோய்களுக்குப் பெயர் வைப்பதில் தமிழுக்கு ஒரு வெளிப்படைத்தன்மை உண்டு. மஞ்சள் காமாலை, யானைக்கால், மாலைக்கண், கக்குவான் இருமல் என்று பெயரைக் கேட்டாலே உடம்பில் என்ன நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். உடலுறவு வழியாகத் தொற்றும் நோய்கள் என்று வரும்போது மட்டும் இந்த வெளிப்படைத்தன்மை காணாமல் போய்விடுகிறது. சிபிலிஸுக்கு நம்மிடம் இருந்த பழைய பெயர்களில் ஒன்று பறங்கி வியாதி. பறங்கிக்காரன் கொண்டுவந்த வியாதி. 16ஆம் நூற்றாண்டு வடமொழி மருத்துவ நூலான பாவப்பிரகாசமும் அதைப் பிரங்க ரோகம் என்றுதான் சொல்கிறது. நாட்டு மருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கிற பறங்கிப்பட்டை அந்த நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்து. பேச்சு வழக்கில் இந்த நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு பெயர் உண்டு: பொம்பளைச் சீக்கு. ஆண்களுக்கு வருகிற நோய்க்கு ஆண்கள் வைத்த பெயர். அரசும் பாடநூலும் இரண்டையும் தவிர்த்துவிட்டுப் பால்வினை நோய் என்கின்றன. இதை உருவாக்கியவர்கள் 'வினை'யைச் செயல் என்ற பொருளில்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் தமிழ்க் காதில் வினை என்ற சொல் தனியாக விழாது. தீவினை, ஊழ்வினை, வினைப்பயன் என்று ஒரு கூட்டமே பின்னால் வரும். செய்ததை அனுபவிக்கிறான் என்ற தொனி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பெயர்கள் எல்லாமே 'இது யாருடைய சீக்கு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்கின்றன. அந்நியனுடையது, கெட்ட பெண்ணுடையது, பாவம் செய்தவனுடையது. 'இது எப்படி வருகிறது, வந்தால் எப்படித் தெரியும், எங்கே போய்க் காட்ட வேண்டும்?' என்ற கேள்விக்கு எந்தப் பெயரும் பக்கத்தில்கூடப் போவதில்லை. பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ இந்தச் சொற்களிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: இது நம்முடையது இல்லை.

விமர்சனம் கதை, கவிதைக்கு மட்டும்தான் என்று விதி ஒன்றும் இல்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலியல் நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவை என்று சில பிரதிகள் இருக்கின்றன. சுவர் விளம்பரம், பாடநூல், எய்ட்ஸ் பிரச்சாரம், நீதிமன்ற வழக்கு. இவற்றையும் படித்து, என்ன சொல்கின்றன, எதை விடுகின்றன என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

திருச்சியில் இந்தக் கதை கண்டோன்மென்ட்டில் தொடங்குகிறது. அந்தப் பெயரை இன்றும் பஸ்ஸில் சாதாரணமாகச் சொல்லி இறங்குகிறோம். 19ஆம் நூற்றாண்டில் அது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் இடம். மதராஸ் மாகாணத்தின் பட்டாள ஊர்களில், திருச்சிராப்பள்ளியிலும், லாக் ஆஸ்பத்திரி என்ற ஒன்றை நடத்தினார்கள். சிப்பாய்களுக்குப் பாலியல் நோய் வராமல் தடுப்பதற்கு அவர்கள் கண்ட வழி, சிப்பாய்கள் போய்வந்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் இருந்தால் குணமாகும் வரை அடைத்து வைப்பது. 1868இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று போட்டு இதற்கு இன்னும் வலுக் கொடுத்தார்கள். பெண்ணுக்கு இருந்த கட்டாயப் பரிசோதனை அந்தச் சட்டத்தில் சிப்பாய்க்கு இல்லை. எதிர்ப்புக் கிளம்பி 1888இல் சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். சட்டம் போய்விட்டது, அதன் பார்வை போகவில்லை. நோய் உடம்புக்கு உடம்பு இரண்டு பக்கமும் போகிறது என்ற எளிய உண்மையை ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவைத்தால் போதும் என்று நினைத்த பார்வை அது. பொம்பளைச் சீக்கு என்ற பெயரில் இருப்பதும் அதுவேதான்.

நூறு ஆண்டு கழித்து 1986இல் இந்தியாவில் முதல்முறையாக எச்ஐவி கண்டறியப்பட்டபோதும் கிட்டத்தட்ட அதே காட்சி. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில், காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அது துணிச்சலான, பெரிய விஞ்ஞானப் பணி. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் செய்தி ஊருக்குள் வந்து சேர்ந்தபோது மறுபடியும் 'அவங்களோட' நோயாகத்தான் வந்து சேர்ந்தது. பிறகு சுனிதி சாலமன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை, கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத மனைவிகளுக்கு இந்தத் தொற்று எப்படி வந்தது என்று சமூகத்துக்குப் புரியவைப்பதிலேயே செலவிட வேண்டியிருந்தது.

அடுத்த பிரதி சுவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு, மத்திய பஸ் நிலையம், எந்தக் கட்டணக் கழிப்பறைச் சுவரிலும் படித்திருப்பீர்கள். இளமையில் செய்த தவறுகள், கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, மேகவெட்டை. கீழே எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்ற பட்டியல். இலக்கிய மதிப்பு எப்படியோ, தமிழ்நாட்டில் ஆண்பிள்ளைகள் அதிகம் வாசித்த பாலியல் பிரதி இதுவாகத்தான் இருக்கும். இதன் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். சுய இன்பம் என்ற, நோயே இல்லாத ஒன்றை நோயாக்குகிறது. வெட்டை என்ற, நிஜமாகவே மருந்து தேவைப்படுகிற கொனோரியாவை அதே வரிசையில் வைக்கிறது. இரண்டுக்கும் ஒரே லேகியம். படிக்கிற பையனுக்கு எது பயப்பட வேண்டியது, எது பயப்பட வேண்டாதது என்ற வித்தியாசமே அழிந்துபோகிறது. பயப்பட வேண்டாததற்குப் பயந்து ராத்தூக்கம் கெடுகிறான். சிறுநீர் போகும்போது எரிந்து சீழ் வந்தால் 'உடம்பு சூடு' என்று இளநீர் குடிக்கிறான், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குகிறான், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறான்.

சுவர் விளம்பரத்திடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது அவனுடைய மொழியில் பேசுகிறது. அவன் யாரிடமும் சொல்லமுடியாத ஒன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. எங்கே வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று முகவரி தருகிறது. அரசு மருத்துவமனையில் பாலியல் நோய்களுக்கு இலவச சிகிச்சை உண்டு. எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் உண்டு. அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு, ஒரே நாளில் சிகிச்சையைத் தொடங்கும் முறையை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதும் கொண்டுவந்திருக்கிறது. சிறுநீர்ப் பாதையில் சீழ் என்றால் சாம்பல் நிறப் பொட்டலம். காசு கிடையாது. புத்தூர் அரசு மருத்துவமனையைத் தாண்டித் தினமும் டியூஷன் போகிற பிள்ளைக்கு இது தெரியாது, லாட்ஜ் வைத்தியரின் அறை எண் தெரியும். தோற்றது மருத்துவம் இல்லை, மருத்துவத்தின் உரைநடை.

மூன்றாவது, பாடநூல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒன்றுமே சொல்வதில்லை என்பது சரியில்லாத குற்றச்சாட்டு. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எய்ட்ஸ் வருகிறது, குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையும் வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இனப்பெருக்க நலன் என்ற பாடத்தில் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ், மருக்கள், ஹெபடைட்டிஸ் பி என்று வரிசையாக உண்டு. நோய்க் காரணி ஒரு கட்டத்தில், அறிகுறி ஒரு கட்டத்தில். அட்டவணையில் தவறு இல்லை. ஆனால் அது யாரிடமும் பேசவில்லை. நீட்டுக்குத் தயாராகிறவன் அதை மனப்பாடம் செய்வான், நான்கு விடைகளில் சரியானதைக் குறிப்பான், தன் உடம்புக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றாது. காமர்ஸ் எடுத்தவன் அந்தப் பக்கத்தையே பார்க்க மாட்டான். பத்தாவதோடு நின்றுவிட்டுக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற பையனையும், ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்ணையும் பற்றிக் கேட்கவே வேண்டாம். நோய்க்கு குரூப் கிடையாது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 2007வாக்கில் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் வேண்டாம் என்று நிறுத்தின. வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் தந்த அறிக்கை, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது என்றது. எச்ஐவி, பாலியல் நோய்கள் பற்றிய பகுதியைப் பொதுப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு, மேல்நிலை வகுப்புக்கு முன்னால் வராதபடி உயிரியலில் வைக்கலாம் என்றும் சொன்னது. நம் பன்னிரண்டாம் வகுப்பு அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறிக்கைதான் ஞாபகம் வருகிறது. அதன் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். பெற்றவர்களுக்கு அந்தப் பயம் உண்டு. 'சொல்லிக்கொடுத்தா செஞ்சு பாக்கணும்னு தோணாதா?' என்று கேட்கிற அம்மா முட்டாள் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, முறையான பாலியல் கல்வி உறவைத் தொடங்கும் வயதைக் குறைப்பதில்லை, பாதுகாப்பைத்தான் கூட்டுகிறது என்கிறது. அறிக்கை போன பிறகு போன் வந்தது. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் உலகத்தின் ஆபாசப் படம் முழுவதும் இருக்கிறது. அந்தப் படங்களில் யாரும் ஆணுறையைத் தேடுவதில்லை, யாரும் 'வேணாம்' என்று சொல்வதில்லை, யாருக்கும் ஒரு வாரம் கழித்துப் புண் வருவதில்லை. பள்ளி மௌனமாக இருந்தால் அந்த இடம் காலியாக இருக்காது. அதுவே பாடமாகிவிடும்.

வகுப்பறையிலும் ஒரு மரபு உண்டு. "இது வீட்ல படிச்சுக்குங்க, எக்ஸாமுக்கு வராது." தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவருக்கும் இந்த வாக்கியம் புதிதில்லை. ஆசிரியரை மட்டும் திட்டிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்வதற்கு அவரிடம் சொற்கள் இல்லை. உடம்பின் அந்தப் பகுதிகளுக்குத் தமிழில் ஒருபக்கம் பாடநூல் சொல், மறுபக்கம் கெட்ட வார்த்தை. வீட்டில் குழந்தையிடம் சொல்வதற்கும் டாக்டரிடம் சொல்வதற்கும் பொதுவாக ஒரு நடுத்தரமான சொல் இல்லை. அதனால்தான் 'அங்க', 'கீழ', 'அந்த இடத்துல' என்று சுட்டுப்பெயர்களாலேயே ஒப்பேற்றுகிறோம். சுட்டுப்பெயரை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது.

நான்காவது, புள்ளிராஜா. 2002இல் மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. பின்னர் ஆந்திராவில் புலிராஜா, இங்கே புள்ளிராஜா. புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று போர்டு போர்டாகக் கேட்டார்கள். விளம்பரமாகப் பார்த்தால் பெரிய வெற்றி. டீக்கடையில் எய்ட்ஸ் என்ற சொல்லை வெட்கமில்லாமல் சொல்லவைத்தது, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். பிரதியாகப் படித்தால் பழைய கோளாறுதான். மறுபடியும் ஓர் ஆள். ஊர் மேய்கிறவன், மீசைக்காரன், இன்னொருவன். எந்தத் தெருவிலும் எந்தப் பள்ளியிலும் கொஞ்சம் ஸ்டைலாகத் திரிந்த பையனுக்குப் புள்ளிராஜா என்று பட்டப்பெயர் விழுந்தது. வைரஸ் எப்படித் தொற்றும் என்ற அறிவைவிட, யாருக்குத் தொற்றும் என்ற கிசுகிசு வேகமாகப் பரவியது.

அதே பத்தாண்டில் நடந்த இன்னொன்று இதைவிடக் கூர்மையான உதாரணம். 2005 செப்டம்பரில் நடிகை குஷ்பு தமிழ் இந்தியா டுடேவுக்குச் சொன்னதில் இரண்டு பகுதிகள் இருந்தன. படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது ஒன்று. திருமணத்துக்கு முன் உறவு கொள்கிற பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் பாலியல் நோய்களிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. தமிழ்நாடு கொந்தளித்தது. விளக்குமாற்றோடும் செருப்போடும் ஊர்வலம் போனார்கள். 23 புகார்கள் நீதிமன்றம் ஏறின. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரம் வென்றது என்று நாம் எழுதினோம். சரிதான். ஆனால் அந்த ஐந்து ஆண்டும் ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இருவருமே கற்பு என்ற முதல் பகுதியைப் பற்றித்தான் பேசினோம். இரண்டாவது பகுதியை யாரும் கையில் எடுக்கவில்லை. ஒரு பிரபலம் தமிழ் வெகுஜனப் பத்திரிகையில் பெண்களைப் பார்த்து 'நோயிலிருந்து உன்னைப் பாதுகாத்துக்கொள்' என்று சொன்ன அபூர்வமான வரி அது. எப்படிப் பாதுகாத்துக்கொள்வது என்று அடுத்த வாரம் ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ கற்பின் வரலாறு.

இந்த இடத்தில் வழக்கமாக மரபைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நமக்குச் சங்க அகம் இருக்கிறது, ஆண்டாள் இருக்கிறாள், வள்ளுவர் 250 குறள் எழுதியிருக்கிறார், நாமா கூச்சப்படுவது என்று. எனக்கு இந்த வாதத்தில் முழு உடன்பாடு இல்லை. திருக்குறளைப் பள்ளியில் முழுமையாகக் கற்பிக்கவேண்டும் என்று 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் அறத்துப்பால், பொருட்பாலோடு நின்றுகொண்டது, மூன்றாவது பால் வெளியே. அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்திருந்தாலும் ஒரு பெண்ணுக்குக் காதல் புரிந்திருக்கும், கிளமிடியா புரிந்திருக்காது. காமத்தைப் பாடுவதும் நோயைத் தடுப்பதும் வெவ்வேறு வேலைகள்.

மரபிடமிருந்து எனக்கு வேண்டியது வேறு ஒன்று. ஸ்ரீரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று மட்டையடி உற்சவம். நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்புகிறார். ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுகிறாள். எங்கே போனீர், மேனியில் இந்த அடையாளங்கள் ஏது என்று அவள் பக்கத்திலிருந்து கேள்வி, அவர் பக்கத்திலிருந்து சமாளிப்பு. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். தாத்தா தோளில் உட்கார்ந்து குழந்தைகள் இதைப் பார்க்கின்றன. 'பிள்ளைங்க கெட்டுப்போகும்' என்று எந்த மாமியும் சொல்லிக் கேட்டதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலைக்கோட்டையில் செட்டிப்பெண் மருத்துவம். காவிரியில் வெள்ளம் வந்து தாய் வரமுடியாதபோது, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்த கதை. அதனால்தான் அவர் தாயுமானவர். வடமொழியில் மாத்ருபூதேஸ்வரர். தொலைக்காட்சியில் பின்னிரவில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் உட்கார்ந்து ஊரின் சந்தேகங்களுக்குச் சிரித்த முகமாகப் பதில் சொன்ன மனநல மருத்துவர் மாத்ருபூதத்துக்கு இந்தச் சாமியின் பெயர் அமைந்தது பொருத்தம்தான். இவற்றில் மருத்துவம் இல்லை. ஆனால் ஊர் கூடி, குழந்தைகளையும் வைத்துக்கொண்டு, உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு கேள்வியைச் சத்தமாகக் கேட்கலாம், யாரும் கெட்டுப்போக மாட்டார்கள் என்ற பழக்கம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தப் பழக்கம் மட்டும்தான்.

சொற்களைச் சரிசெய்தாலும் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. 2012இன் போக்சோ சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. விஷயம் தெரிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் தண்டனை. குழந்தைகளைப் பாதுகாக்க வந்த சட்டம், தேவையான சட்டம். ஒரு குழந்தைக்குப் பாலியல் நோய் இருப்பது பல நேரங்களில் வன்முறையின் அடையாளம் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் வகுப்புப் பையனோடு பழகி, வெள்ளைப்படுதலும் வயிற்றுவலியும் வந்து டாக்டரிடம் போனால், அடுத்து அவள் எதிர்பார்க்க வேண்டியது காவல்நிலையம். அதனால் அவள் போகமாட்டாள். கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் இருந்து கருக்குழாயைக் கெடுக்கக்கூடியவை. பத்து வருடம் கழித்துக் குழந்தையின்மை மருத்துவமனையில் அதன் கணக்கு வரும். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமில்லை என்று எழுதினார். கருக்கலைப்புக்கு வருகிற சிறுமியின் அடையாளத்தைக் காவல்துறைக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அந்தச் சலுகையைத் தொற்றுக்கு மருந்து வாங்க வருகிறவளுக்கும் தெளிவாகத் தரவேண்டும். 2025இல் உச்ச நீதிமன்றம் ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சிறு வயதிலேயே பாலியல் கல்வியைத் தொடங்க வேண்டும் என்றது. கல்வி ஒரு கையில், காவல்துறை மறு கையில் என்றால் பிள்ளை எந்தக் கையையும் பிடிக்காது.

குறை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோவது விமர்சகனின் வசதி. பாடத்தை எப்படி எழுதலாம் என்றும் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்புக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் சேர்த்து, ஒரே பக்கம் போதும். ஏறக்குறைய இப்படி:

உடலுறவு வழியாகத் தொற்றுகிற நோய்கள் சில உண்டு. அவை கிருமிகளால் வருகின்றன. கெட்டவர்களுக்கு, நல்லவர்களுக்கு என்று கிருமிக்குத் தெரியாது. பார்த்தால் ஆரோக்கியமாக இருப்பவரிடமும் கிருமி இருக்கலாம். புண், சீழ், எரிச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி ஆகியவை அறிகுறிகள். பல நேரம் அறிகுறியே இருக்காது. சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரத்தில் தானாக ஆறிவிடும். புண்தான் ஆறும், நோய் உள்ளே இருக்கும். பாக்டீரியாவால் வருபவை மருந்தால் குணமாகும். எச்ஐவிக்குத் தினமும் மாத்திரை சாப்பிட்டால் நீண்டகாலம் நன்றாக வாழலாம். ஆணுறை பெரும்பாலான தொற்றுகளைத் தடுக்கும், தோலோடு தோல் பட்டுப் பரவும் சிலவற்றை முழுதாகத் தடுக்காது. ஹெபடைட்டிஸ் பிக்கும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தரும் எச்பிவிக்கும் தடுப்பூசி உண்டு, உறவு தொடங்குவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். சுய இன்பத்தால் எந்த நோயும் வராது. உனக்கு விருப்பமில்லாமல் யார் தொட்டாலும் அது உன் தப்பு இல்லை. 1098க்குப் போன் செய்யலாம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். எந்தக் கட்டடம், எந்த அறை, எத்தனை மணி என்று உன் ஊர் விவரம் கீழே இருக்கிறது.

கடைசி வரிதான் முக்கியம். லாட்ஜ் வைத்தியரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதுவே. வகுப்பில் ஒரு பெட்டி வைத்துப் பெயரில்லாமல் கேள்வி எழுதிப்போடச் சொன்னால், ஆசிரியருக்கும் கூச்சம் பாதி போய்விடும். மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்து அந்தப் பெட்டியைத் திறந்து பதில் சொல்லலாம்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுவதாக அறிவித்தது. நல்ல முடிவு. ஊசி போடுகிற அன்று அந்தப் பிள்ளை "இது எதுக்கு மிஸ்?" என்று கேட்கும். புற்றுநோய் வராமல் இருக்க என்று பதில் சொல்வார்கள், அது உண்மை. "அந்தக் கிருமி எப்படி வரும்?" என்று அடுத்த கேள்வி வரும். பின்வரிசையில் ஒரு பையன் "பசங்களுக்கும் வருமா?" என்பான். வரும். இதற்கு ஆசிரியர் என்ன சொற்களில் பதில் சொல்லப்போகிறார் என்பதை ஊசி வருவதற்கு முன்னால் யாராவது எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும்.